குழந்தையின் குறிப்பறிதல்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று, அரசனின் உள்ளத்தை அவன் சொல்லாமலே அறியும் அமைச்சனைப் பற்றியது. மற்றொன்று, காதலர் ஒருவரையொருவர் நோக்கினாலே அறிந்துகொள்வதைப் பற்றியது. மூன்றாவது ஒரு குறிப்பறிதலும் உண்டு. அது எந்த ஏட்டிலும் ஏறாமல் நம் வீட்டு முற்றங்களில் வாழ்ந்து வருவது. பேசத் தெரியாத பச்சிளங் குழந்தைக்கு மலமோ சிறுநீரோ வரப்போகிறது என்பதை அதன் முகத்தாலும் உடலசைவாலும் உணர்ந்து, உரிய நேரத்தில் அதைத் தூக்கிக் காலில் உட்காரவைக்கும் தாயின் அறிவே அது.

இக்காட்சியைக் காணாத கிராமத்தார் இரார். காலையில் தூளியில் கிடக்கும் குழந்தை நெளிகிறது. திண்ணையில் இருக்கும் பாட்டி, "பிள்ளை முக்குகிறான் பார், எடு எடு" என்கிறாள். மருமகள் ஓடிவந்து குழந்தையை எடுத்து, தன் இரு பாதங்களின்மேல் உட்காரவைத்து, "உஸ்ஸ்" என்று மெல்ல ஒலி எழுப்புகிறாள். சற்று நேரத்தில் காரியம் முடிகிறது. துணி நனையவில்லை, குழந்தை அழவில்லை.

மேனாடுகளில் அண்மைக் காலத்தில் இதனைப் புதிய முறையெனக் கருதி நூல்கள் எழுதுகின்றனர். நமக்கோ இது பழகிய வழக்கம். ஆயினும் இவ்வழக்கம் இன்று இருவகையில் குறைபட்டு நிற்கிறது. கடையில் விற்கும் டயாபரை நாள் முழுதும் கட்டிவிடுவதால் பல வீடுகளில் இந்த அறிவு மறைந்து வருகிறது. இது ஒரு குறை. காலில் வைக்கும் வழக்கம் மாறாத வீடுகளிலும், குழந்தையின் மலத்தை வாரிக் கொல்லையிலோ குப்பைமேட்டிலோ எறிந்துவிடுகிறார்கள். இது மற்றொரு குறை, முன்னதிலும் பெரிது. குறிப்பறிந்து பிடித்த மலம் கழிப்பறைக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பாட்டி கற்பித்த முறை முழுமை பெறும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பெண்டிர் பேச்சு என்று ஆடவர் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. கழிப்பறை கட்டுவதும், நீர் கிடைக்கச் செய்வதும், குப்பையை அகற்ற வழி காண்பதும் குடும்பத் தலைவரும் பஞ்சாயத்து உறுப்பினரும் பொறுப்பேற்க வேண்டிய காரியங்கள் அல்லவா? குழந்தையைக் காலில் வைக்கத் தந்தைக்கும் இரண்டு கால்கள் உண்டு என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

உடலின் இயல்பு

பால் வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயற்கை. ஆதலால்தான் பால் குடிக்கும்போதோ, குடித்துச் சிறிது நேரத்திலோ குழந்தைகள் பெரும்பாலும் மலம் கழிக்கின்றன. பெரியவர்களுக்கும் இவ்வியல்பு உண்டு. காலையில் ஏதேனும் அருந்தியவுடன் வயிறு இளகுவது இதனாலேயே.

சிறுநீர்ப்பை மிகச் சிறியதாகையால், முதல் ஆண்டில் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முறை சிறுநீர் கழிக்கும். மூன்று வயதில் இது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். உறங்கும் குழந்தை சிறுநீர் கழிக்குமுன் அசைந்து கொடுப்பதையும், கண் விழிப்பதையும் கூர்ந்து நோக்கும் தாய்மார் அறிவர். எனவே, 'குழந்தைக்கு ஒன்றும் தெரியாது' என்னும் கூற்று முற்றும் சரியன்று. அடக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை; ஆனால் உணர்வு உண்டு. அந்த உணர்வைப் பெரியவர்கள் கண்டுகொள்வதே இம்முறையின் அடிப்படை.

குறிப்புகள் எவை?

குழந்தைக்குக் குழந்தை குறிப்பு வேறுபடும். பொதுவாகக் காணப்படுபவை வருமாறு: விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென அசைவற்றுப் போதல், ஓரிடத்தை உற்றுப் பார்த்தல், முகம் சிவந்து முக்குதல், கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கி உதைத்தல், காற்றுப் பிரிதல், பால் குடிக்கும்போது விட்டுவிட்டுச் சிணுங்குதல், இடுப்பில் இருக்கும்போது இறங்க முயல்வதுபோல் நெளிதல்.

குறிப்புக்கு அடுத்தபடியாக நேரத்தைக் கவனிக்க வேண்டும். தூங்கி விழித்தவுடன், பால் குடித்த பின், குளிப்பாட்டுவதற்கு முன், தூளியில் இடுவதற்கு முன் என்னும் நான்கு வேளைகளும் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. தொடங்குகிறவர்கள் மூன்று நாட்கள் ஒன்றும் செய்யாமல், குழந்தை எப்போது பால் குடித்தது, எப்போது துணி நனைந்தது என்பதை மட்டும் குறித்து வரலாம். நான்காம் நாள் அக்குழந்தையின் வழக்கம் ஓரளவு புலப்படும்.

இவ்வாறு கணக்கு வைப்பதால் மற்றொரு பெரும் பயனும் உண்டு. பிறந்து ஒரு வாரத்திற்குள் குழந்தை நாளொன்றுக்கு 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்குமாயின், தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எண்ணிக்கை குறைந்தால் உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூற வேண்டும். டயாபர் கட்டிய குழந்தையிடம் இவ்வெண்ணிக்கையைக் காண்பது அரிது.

செய்முறை

முதல் மாதத்தில் தாய்க்கு ஓய்வே முதன்மையானது. அப்போது கவனித்து வந்தால் போதும், வேறொன்றும் வேண்டா.

இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரை கழுத்து முழுதும் நிற்பதில்லை. ஆகவே குழந்தையின் முதுகும் தலையும் தாயின் மார்பில் சாய்ந்திருக்குமாறு அணைத்து, இரு தொடைகளின் கீழும் கைகொடுத்து, குந்தியிருக்கும் நிலையில் ஏந்திப் பிடிக்க வேண்டும். கீழே ஒரு கிண்ணத்தை வைத்துக்கொள்ளலாம்.

கழுத்து நின்றபின் காலில் உட்காரவைக்கலாம். தாய் தாழ்ந்த மணையில் அமர்ந்து, பாதங்களைச் சிறிது இடைவெளிவிட்டு வைத்து, குழந்தையின் தொடைகள் அப்பாதங்களின்மேல் பொருந்துமாறும், முதுகு தன் கால்களில் சாய்ந்திருக்குமாறும் உட்காரவைத்து, இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதங்களின் இடையே கிண்ணமோ, பாக்குமட்டையோ, பழைய செய்தித்தாளோ இருத்தல் நலம். வெறுந்தரையில் விடுவதைக் காட்டிலும் ஒன்றில் ஏந்துவது எத்துணை எளிதென்பது அதை அகற்றும்போது விளங்கும்.

அச்சமயம் ஒரே வகையான ஒலியை எழுப்ப வேண்டும். சிறுநீருக்கு 'உஸ்ஸ்' என்பதும், மலத்திற்கு 'ம்ம்' என்று முக்குவதும் நம் வழக்கம். குழந்தை கழிக்கும் கணத்திலேயே ஒலியும் வரவேண்டும். சில வாரங்களில் ஒலியும் செயலும் குழந்தையின் மனத்தில் இணைந்துவிடும். பிறகு ஒலியைக் கேட்டதும் கழிக்க முயலும்.

இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் ஒன்றும் வராவிட்டால் எடுத்துவிட வேண்டும். குழந்தை உடலை விறைத்து மறுத்தால் அக்கணமே எடுத்துவிட வேண்டும்.

நன்றாக உட்காரத் தொடங்கிய பின், நடுவில் கிண்ணம் பொருத்திய சிறு பிளாஸ்டிக் இருக்கையைப் பயன்படுத்தலாம். அது இல்லாவிடினும் குறையில்லை. தாயின் பாதங்களே போதும். பேச்சு வரும் பருவத்தில் வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தாய் ஒன்று சொல்ல, அத்தை வேறொன்று சொன்னால் குழந்தை குழம்பும். எளிதில் அவிழ்க்கக்கூடிய உடையே அப்பருவத்திற்கு ஏற்றது.

தவழத் தொடங்கும்போதும், பல் முளைக்கும்போதும், காய்ச்சல் கண்ட பின்பும், தம்பியோ தங்கையோ பிறந்தபோதும், நன்கு பழகிய குழந்தைகூடச் சில நாட்கள் முரண்டு பிடிக்கும். இது இயற்கை. சில நாட்கள் விட்டுப் பிடித்தால் மீண்டும் வழிக்கு வரும்.

பிற நாட்டார் அனுபவம்

கீழை ஆப்பிரிக்காவில், கென்யாவின் தென் கடற்கரைப் பகுதியில் 'டிகோ' என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய குழந்தை வளர்ப்பை டிவ்ரீஸ் இணையர் ஆராய்ந்து 1977ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். டிகோ தாய் தரையில் கால்நீட்டி அமர்ந்து, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைத் தன் கால்களிடையே வைத்து, 'ஷூ' என்று ஒலி எழுப்புகிறாள். ஐந்து ஆறு மாதங்களிலேயே அக்குழந்தைகள் ஒலிக்கும் நிலைக்கும் ஏற்பக் கழிக்கப் பழகிவிடுவதாக அவர்கள் எழுதினர். கடல் கடந்த நாட்டில் நம் பாட்டியின் முறையே வழங்குவது வியப்பன்றோ! வியட்நாமிலும் தாய்மார் குறிப்பறிந்து குழந்தையை ஏந்திச் சீழ்க்கை ஒலி எழுப்பிப் பழக்குகிறார்கள். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, அங்கே இரண்டு வயதளவில் இப்பயிற்சி நிறைவுறுவதை எடுத்துக்காட்டியது.

அமெரிக்க நாட்டில் நிலை வேறாயிற்று. 1930களை ஒட்டிய காலத்தில் அங்கே கடிகாரத்தைப் பார்த்துக் கண்டிப்புடன் பழக்குமாறு தாய்மாருக்கு அறிவுரை கூறப்பட்டது. குறிப்பை நோக்காது கட்டாயத்தை மேற்கொண்டதால் குழந்தைகள் துன்புற்றன. இதனைக் கண்ட பிரேசல்டன் என்னும் குழந்தை மருத்துவர் 1962ஆம் ஆண்டில், குழந்தை தானே ஆயத்தமாகும்வரை காத்திருந்து, ஏறக்குறைய 18 மாதங்களுக்குப் பின் தொடங்குவதே நன்று என எழுதினார். அதே காலத்தை ஒட்டி, ஒருமுறை அணிந்து எறியும் டயாபர் கடைகளுக்கு வந்தது. காத்திருப்பதும் எளிதாயிற்று.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? சீக்கிரம் தொடங்குவதால் கேடில்லை, கட்டாயப்படுத்துவதே கேடு. டிகோ தாயும் தமிழ்த் தாயும் குழந்தையை ஏவுவதில்லை. அதன் குறிப்புக்குத் தாம் பணிகிறார்கள். அம்முறையை மேற்கொள்ள இயலாதவர்கள் இரண்டு வயதை ஒட்டித் தொடங்கினாலும் தவறில்லை. எவ்வளவு விரைவில் என்னும் போட்டி இதில் வேண்டா.

செய்யத் தகாதவை

துணியை நனைத்ததற்காகக் குழந்தையை அடிப்பதும், மற்றவர்முன் பழித்துரைப்பதும், சூடு போடுவதாக அச்சுறுத்துவதும் அறவே கூடா. அஞ்சிய குழந்தை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகும். இறுகிய மலம் வெளிவரும்போது வலிக்கும். வலிக்கு அஞ்சி மேலும் அடக்கும். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக மலச்சிக்கல் நோய் முற்றும். ஐந்து ஆறு வயதுக் குழந்தை உறக்கத்தில் படுக்கையை நனைப்பது பல வீடுகளிலும் உள்ளதே, அது குற்றமன்று.

குழந்தை ஒருநாள் மலம் கழிக்கவில்லையென்றால், வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் செருகுவதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும் சில வீடுகளில் வழக்கம். இவற்றை விட்டொழிக்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பலமுறை மலம் கழிப்பதும் உண்டு. ஒரு மாதத்திற்குப் பின் சில நாட்களுக்கு ஒருமுறை கழிப்பதும் உண்டு. மலம் இளகியதாகவும், குழந்தை நன்கு பால் குடித்துக் களிப்புடனும் இருந்தால் கவலை வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை.

மலத்தில் இரத்தம் காணுதல், வயிறு உப்பி வாந்தி எடுத்தல், பேதியால் குழந்தை சோர்ந்து கண் குழிதல், சிறுநீர் வெகுநேரம் பிரியாதிருத்தல் ஆகியவற்றில் எது நேரினும் தாமதியாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பிடித்த மலம் எங்கே போகிறது?

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். 'பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் என்ன தோஷம்?' என்று கேட்பவர் இன்றும் உளர். இது பெருந்தவறு. பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை, இளம்பிள்ளை வாதம் ஆகிய நோய்களின் கிருமிகள் மலத்தின் வழியே பரவுபவை. இக்கிருமிகள் மலித்திருப்பது பெரும்பாலும் சிறு குழந்தைகளிடத்திலேயே. குழந்தையின் மலம் பெரியவர் மலத்தைப் போலவே தீங்குடையது. சில வேளைகளில் அதனினும் மிகுந்த தீங்குடையது.

உருண்டைப் புழுவை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும். அவை மலத்துடன் மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரங்களில் நோய் பற்றும் பருவத்தை அடைகின்றன. அதே கொல்லையில் மண்ணில் விளையாடும் மூத்த குழந்தை கையை வாயில் வைக்கிறது. கொக்கிப் புழுவோ வாய்வழி வரவேண்டியதும் இல்லை. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்தே உட்புகும். உள்ளே சென்று குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். உண்ட சோறு உடலில் ஒட்டாமல் பிள்ளை வெளிறி இளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2015ஆம் ஆண்டு முதல் குடற்புழு நீக்க நாளில் ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்பட்டு வருகிறது. அது நன்றே. ஆனால் கொல்லையில் மலத்தை எறிந்துகொண்டே மாத்திரை கொடுப்பது, ஓட்டை அண்டாவில் நீர் இறைப்பதை ஒக்கும்.

ஓர் உழவர் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் கழிப்பறை உண்டு; பெரியவர் ஐவரும் அதையே பயன்படுத்துகின்றனர். குழந்தையின் மலம் மட்டும் கொல்லைக்குப் போகிறது. கோழி அதைக் கிளறுகிறது. ஈ அதில் அமர்ந்து அடுக்களைக்கு வருகிறது. மழை பெய்தால் வாய்க்காலில் கலக்கிறது. ஐவரின் நல்லொழுக்கத்தை அந்த ஒரு கைப்பிடி மலம் வீணாக்கிவிடுகிறதன்றோ?

ஆகையால் விதி ஒன்றே. குழந்தையின் மலம் ஒவ்வொரு முறையும் கழிப்பறைக் கோப்பைக்குள் போகவேண்டும். கிண்ணத்தில் ஏந்தியதை உடனே கோப்பையில் கொட்டி, கிண்ணத்தைக் கழுவிய நீரையும் அதிலேயே ஊற்ற வேண்டும். தாளில் ஏந்தினால் மலத்தை மட்டும் உள்ளே தள்ளி, தாளை எரித்துவிட வேண்டும். தரையில் கழித்துவிட்டால் சாம்பலைத் தூவி வாரிக் கழிப்பறையில் இட்டு, அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். சாணமிட்டு மெழுகிவிட்டால் கிருமி ஒழிந்துவிடும் என்று எண்ணலாகாது. மலம் பட்ட துணியைக் கிணற்றடியிலும், அடிகுழாய் மேடையிலும், குளத்திலும் அலசக் கூடாது. முதலில் கழிப்பறையில் அலசி, பிறகு சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்.

குழந்தைக்குக் கால் கழுவிவிட்டவர் தம் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது. வெறும் நீரில் கையை நனைத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சோறு பிசைவதால் வரும் கேடு சிறிதன்று. கழிப்பறை வாயிலில் ஒரு வாளி நீரும் ஒரு சோப்புத் துண்டும் என்றும் இருக்க வேண்டும்.

கழிப்பறை இன்னும் அமையாத வீட்டார் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் எட்டத்தில் குழி தோண்டி, ஒவ்வொரு முறையும் மண்ணிட்டு மூடி வரலாம். எனினும் இது தற்காலிக ஏற்பாடே. ஒன்று நிரம்பினால் மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் இரட்டைக் குழிக் கழிப்பறையே கிராமத்திற்கு ஏற்றது. அதன் சரிவு மிகுந்த கோப்பைக்கு ஒருமுறைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் நீர் போதும். நிரம்பிய குழியை மூடி இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால் உள்ளிருப்பது மட்கி நாற்றமற்ற எருவாகும். உழவர்க்கு அதுவும் வரவே.

நீரும் உழைப்பும் பணமும்

குறிப்பறிந்து பழக்குவதால் வரும் சிக்கனத்தை ஒரு கணக்கால் காண்போம். நாளொன்றுக்கு 20 துணிகள் நனைகின்றன என்றும், ஒரு துணியை அலசித் துவைக்க 3 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் வைத்துக்கொண்டால், 60 லிட்டர் நீர் வேண்டும். 15 லிட்டர் குடமாயின் நான்கு குடம். பாதி முறை பிடித்தாலும் தாய்க்கு இரண்டு குடம் நீரும், பத்துத் துணி துவைக்கும் உழைப்பும் மிச்சமாகும். எல்லா முறையும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. மலத்தை மட்டும் தவறாமல் பிடித்தாலே பெரும் பயன் கிட்டிவிடும்.

டயாபரின் கணக்கையும் பார்ப்போம். நாளைக்கு நான்கு வீதம் ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு 1,460 ஆகிறது. ஊரில் அத்தகைய குழந்தைகள் 20 இருப்பின் 29,200. இவையாவும் எங்கே போகும்? கழிப்பறையில் இட்டால் குழாய் அடைபடும், குழியில் மட்காது. ஓடையில் எறிந்தால் மடை அடைக்கும். நாய் இழுத்துத் தெருவில் பரப்பும். 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயாபரைத் தனியே பொதிந்து, கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும் எனக் கூறின. தொலைப்பயணத்திற்கும் நோயுற்ற காலத்திற்கும் டயாபரைப் பயன்படுத்துவோரைக் குறைகூற வேண்டுவதில்லை. அப்போதும் மலத்தைக் கோப்பையில் உதறிவிட்டு, டயாபரைத் தாளில் பொதிந்து தூய்மைக் காவலரிடம் தனியாகத் தருவதே முறை. வெறுங்கையால் அதனைத் தொட வேண்டியிருப்பவர் அவர் என்பதை மறத்தல் ஆகாது.

நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் தாய் வயலில் இருக்கிறாள்; குழந்தை வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியில் உறங்குகிறது. குறிப்பை யார் அறிவது? வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருப்பின் அவர்களுக்கும் இம்முறை தெரிந்திருக்க வேண்டும். வயலுக்கு எடுத்துச் செல்வதாயின், மூடியுடன் கூடிய ஒரு சிறு டப்பாவும் ஒரு புட்டி நீரும் சோப்புத் துண்டும் உடன் செல்லட்டும். டப்பாவில் பிடித்ததை வீடு திரும்பியதும் கழிப்பறையில் சேர்க்கலாம். வாய்க்கால் நீரில் குழந்தைக்குக் கால் கழுவினால், கடைமடையில் அந்நீரை அள்ளுபவரும் ஒரு குழந்தையின் தாயாகவே இருக்கக் கூடும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

1950களின் பிற்பகுதியில், கிராமத்திற்கு ஏற்ற, குறைந்த நீரில் இயங்கும் கழிப்பறையைக் காணும் ஆராய்ச்சி நடந்த இடங்களுள் சென்னையை அடுத்த பூந்தமல்லியும் ஒன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு அதே நாளில் நாட்டின் கிராமங்கள் திறந்தவெளி மலங்கழித்தல் அற்றவை என அறிவிக்கப்பட்டன. ஆயினும் ஒரு வீட்டின் கணக்கை எடுக்கும்போது, 'உம் வீட்டுக் குழந்தையின் மலம் எங்கே போகிறது?' என்று கேட்பார் அரியர். பஞ்சாயத்து உறுப்பினர் தம் வார்டில் இவ்வொரு வினாவைக் கேட்டுக் குறித்து வந்தாலே பாதி வேலை முடிந்தது எனலாம்.

அடுத்து, அங்கன்வாடியைப் பார்வையிட வேண்டும். அங்கே சிறுவர்க்கேற்ற சிறு கோப்பை உண்டா, நீர் வருகிறதா, கைக்கெட்டும் உயரத்தில் குழாயும் சோப்பும் உள்ளனவா என்று காண வேண்டும். பெரியவர்க்கான கோப்பையின் இரு புறமும் கால் வைக்கச் சிறு குழந்தைக்கு எட்டாது, விழுந்துவிடுவோமென அஞ்சும். உள்ளே இருட்டாயிருந்தால் இன்னும் அஞ்சும். வெளியே ஓடிப்போய் உட்காரும் குழந்தையைக் கடிந்து பயனில்லை. ஒரு விளக்கும், கால் வைக்க இரண்டு செங்கல்லும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அந்த அச்சத்தைப் போக்கிவிடும்.

மூன்றாவதாக, கிராம சபைக் கூட்டத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இதனைப் பேசச் செய்யலாம். அனுபவம் மிக்க மூதாட்டி ஒருவரை அழைத்து, குழந்தையைக் காலில் வைக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லலாம். பிடிக்கும் முறையை அவர் கற்பிக்கட்டும். அகற்றும் முறையைச் செவிலியர் கற்பிக்கட்டும். இவ்விரண்டும் ஒரே மேடையில் சேர்ந்து நிற்பதே நமக்கு வேண்டுவது.

முடிவுரை

நம் முன்னோரிடமிருந்து வந்தவை எல்லாம் நல்லவையும் அல்ல. எல்லாம் தள்ளத்தக்கவையும் அல்ல. குழந்தையின் குறிப்பை அறிந்து நடக்கும் பொறுமை அவர்கள் தந்த செல்வம். கிருமியைப் பற்றிய அறிவு அவர்களுக்கு எட்டாதது. அது நமக்குக் கிட்டியுள்ளது. முன்னதைக் கைவிடாமலும் பின்னதைப் புறக்கணியாமலும் நடந்தால், குழந்தையின் துணியும் உலர்ந்திருக்கும். கொல்லை மண்ணும் தூய்மையாயிருக்கும். அம்மண்ணில் விளையாடும் பிள்ளையும் நலமாயிருக்கும்.

கூட்டங்களில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேரின் மலம் கழிப்பறையில் சேர்கிறது?

2. குழந்தைக்குக் கால் கழுவும் இடத்தில் சோப்பும் நீரும் எத்தனை வீடுகளில் உள்ளன?

3. பயன்படுத்திய டயாபர்களை ஊரார் எங்கே எறிகிறார்கள்? அவற்றைத் தனியே சேகரிக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

4. அங்கன்வாடிக் கழிப்பறையைக் குழந்தைகள் அஞ்சாமல் பயன்படுத்துகிறார்களா? இல்லையெனில் குறை யாது?

5. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் கவனிப்போர் யாவர்? அவர்களுக்கு இம்முறையைக் கற்பிப்பது எவ்வாறு?